லாக்கர் அறையில் தண்ணீர்

ஒரு நகரசபைக் கூட்டத்தில், யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாத ஒரு வாக்கியத்தைச் சொல்லி, என்னை நம்பி வந்த நண்பரைக் கைவிட்டேன். அதனால் அவரும் அவரைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் தொழுகைக்கென்று பார்த்து வைத்திருந்த கட்டடம் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. அவர்கள் வந்தால் கட்டடம் கெட்டுவிடும் என்று நான் நினைக்கவில்லை. கெடாது என்று எனக்குத் தெரியும். கெடாமல் இருக்க வழி சொன்னவனே நான்தான்.

இதை எழுதும்போது நெஞ்சு கனக்கிறது, கண் கலங்குகிறது என்றெல்லாம் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். அன்றைக்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். நன்றாகவே தூங்கினேன்.

நான் ஆர்க்கிடெக்ட். பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்து வேறு உபயோகத்துக்கு மாற்றித் தருவது என் தொழில். நியூ ஜெர்சியில் அதற்குப் பஞ்சமே இல்லை. மூடிக் கிடந்த பட்டு ஆலைகளைக் குடியிருப்புகளாக மாற்றினோம். ஆள் வராமல் போன தேவாலயம் ஒன்று நூலகமாயிற்று. ஒரு குதிரை லாயத்தில் இப்போது பல் டாக்டர் இருக்கிறார். ஆள் புழங்காத கட்டடம் அதிக நாள் நிற்காது. முதலில் கூரையின் ஒரு மூலையில் தண்ணீர் இறங்கும். பிறகு புறாக்கள் வரும். பிறகு மர உத்தரம் ஈரத்தைக் குடித்து ஊறிப்போகும். அதைக் காப்பாற்ற ஒரே வழி, யாரையாவது அதற்குள் குடிவைப்பது. அப்படிக் குடிவைக்கும்போது, புதிதாகச் செய்வதையெல்லாம் பின்னால் வருகிறவர் சேதமில்லாமல் கழற்றி எடுக்கும்படி செய்ய வேண்டும். எங்கள் தொழிலின் முக்கியமான விதி இது. இதை நான் பல இடங்களில் மேடையேறிப் பேசியிருக்கிறேன்.

அப்போது வெஸ்ட் வின்ட்சரில் இருந்தோம். அங்கிருந்து அரை மணி நேரம் கார் ஓட்டினால் ஒரு சிறிய ஊர். அந்த ஊரின் பழைய கட்டடங்களில் யார் எந்த மாற்றம் செய்ய வேண்டுமானாலும் நகரசபையின் பாரம்பரியக் கட்டடக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் குழுவின் தொழில்நுட்ப ஆலோசகராக நான் இருந்தேன். ஓட்டு கிடையாது. மேஜையின் கோடியில் உட்கார்ந்து, கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் நான் சொன்னதற்கு எதிராக அந்தக் குழு ஓட்டுப் போட்டு நான் பார்த்ததில்லை.

நண்பர் அதே ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தார். கீழக்கரைக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் நாற்காலி அடுக்கும்போது அறிமுகமானோம். நானும் என் மனைவியும் அவரை பாய் என்போம். அவர் என்னை சார் என்றும் அவளை அக்கா என்றும் கூப்பிடுவார். அவர்தான் அவர்களுடைய ஜமாஅத்துக்குத் தலைவர். ஜமாஅத் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மார்க்கச் சொற்பொழிவான பயானைத் தமிழில் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்ட குடும்பங்கள் சில. வெள்ளிக்கிழமைகளில் நெடுஞ்சாலையோரம் ஒரு ஹோட்டலில் கூட்ட அறையை வாடகைக்கு எடுத்துத் தொழுவார்கள். அங்கே கல்யாண விருந்து ஏதாவது வந்துவிட்டால் அந்த வாரம் அறை கிடைக்காது. பெண்களுக்கு எப்போதுமே இடம் இருக்காது.

அந்த ஊரின் மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய பேங்க் கட்டடம் பூட்டிக் கிடந்தது. முகப்பில் இரண்டு சுண்ணாம்புக்கல் தூண்கள். உள்ளே உயரமான கூரை. தரையில் நகம் அளவு ஓடுகளைப் பதித்துச் செய்த மொசைக், ஓரத்தில் பச்சை நிறத்தில் கொடி வேலைப்பாடு. பின்னால் பழைய லாக்கர் அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாய் எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தக் கட்டடத்தைப் பேசி வைத்திருப்பதாகவும் நகரசபை அனுமதி கிடைத்தால் கிரயம் முடித்துவிடலாம் என்றும் சொன்னார். மெக்கா இருக்கும் திசையும் அந்தக் கட்டடத்தின் பின்சுவரும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்திருந்தன. அந்தச் சந்தோஷம் அவருக்குத் தாங்கவில்லை.

"இத்தனை வருஷம் வட்டி வாங்கின கட்டடம் சார். நாங்க போய்த் தொழுதாதான் அதுக்கு விமோசனம்" என்றார்.

அவருக்கு இருந்த ஒரே கவலை தண்ணீர். தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளு செய்ய இடம் வேண்டும். அந்த மொசைக் தரையில் குழாயும் வடிகாலும் வைக்கக் குழு சம்மதிக்குமா என்று கேட்டார். நான் ஒரு காகிதத்தை எடுத்து வரைந்து காட்டினேன். லாக்கர் அறைக்கு நாலு பக்கமும் கனமான கான்கிரீட் சுவர். தரையும் கான்கிரீட். உள்ளே காப்பாற்ற வேண்டிய பழைய வேலைப்பாடு எதுவும் இல்லை. அந்த அறைக்குள் ஒரு பெரிய தாம்பாளம் மாதிரி, நீர் இறங்காத தொட்டித் தரை ஒன்றைத் தனியாகச் செய்து உட்காரவைத்துவிட்டால், ஒரு சொட்டுக்கூட மொசைக் பக்கம் வராது. வேண்டாம் என்றால் நாளைக்கே தூக்கி வெளியே வைத்துவிடலாம். மொசைக் மேல் கம்பளி விரித்து அதன்மேல் ஜமக்காளம். ஆணி அடிக்கவே தேவையில்லை.

என் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். "எங்க வீட்டு பாத்ரூம் குழாய் ஆறு மாசமா ஒழுகுது பாய். அதைப் பாக்க நேரமில்லை. உங்க பேங்க்குக்கு பைப் போடறாராம்" என்றாள்.

"அது ஹெரிடேஜ் இல்லியே அக்கா. இன்னும் நூறு வருஷம் ஒழுகட்டும், அப்புறம் சார் பாப்பார்" என்றார் பாய்.

புறப்படும்போது அவர் இரண்டு விஷயம் கேட்டார். குழுவின் முன் பேச ஒரு இன்ஜினியரையும் வக்கீலையும் அமர்த்தலாமா? ஜமாஅத்தில் எல்லோரும் கூட்டத்துக்கு வரலாமா? இரண்டுக்குமே வேண்டாம் என்றேன். 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கும்பலாகப் போனால் பார்க்கிறவர்கள் மிரண்டுபோவார்கள், நீங்கள் மட்டும் வாருங்கள் என்றேன். இன்ஜினியர் எதற்கு, ஆலோசகர் நான்தானே, கேள்வி வந்தால் நானே பதில் சொல்லிவிடுவேன் என்றேன். நம்ம ஆள் ஒருத்தர் உள்ளே இருக்கிறார் என்றால் நம் ஊர்க்காரர்கள் வேறு ஏற்பாடு எதுவும் செய்துகொள்ள மாட்டார்கள். அவரும் செய்துகொள்ளவில்லை. நண்பருக்குப் படம் போட்டுக் கொடுத்துவிட்டு அதே மனுவுக்கு ஆலோசகராக உட்காரக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அதைக் குழுவிடம் சொல்லவில்லை.

அந்த வசந்தத்தில் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் பங்க்கில் ஒருவன் என்னைப் பார்த்து, உன் நாட்டுக்குப் போ என்று கத்தினான். நான் அவர்களில் ஒருவன் இல்லை என்று பதில் சொன்னேன். அப்படிச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. மறுநாள் கார் ஜன்னலில் அமெரிக்கக் கொடி ஒட்டினேன். அதே சமயத்தில் அந்த ஊர் தன்னுடைய பழைய கோர்ட் கட்டடத்தைப் புதுப்பிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. எங்கள் அலுவலகம் அந்த வேலைக்கு விண்ணப்பித்திருந்தது. இந்த இரண்டில் எது என்னைச் செலுத்தியது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கூட்டத்தன்று, உள்ளே போவதற்கு முன் குழுவின் தலைவி என்னை வராந்தாவில் நிறுத்தினார். நல்ல பெண்மணி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பேங்க் கட்டடம் பற்றி ஊரிலிருந்து நிறையப் பேர் போன் செய்கிறார்கள் என்றார். என்ன சொல்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கட்டடத்தை மட்டும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், உங்கள் அபிப்பிராயத்தைத்தான் நம்பியிருக்கிறோம் என்றார். என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை.

பாய் கோட்டும் டையும் அணிந்து வந்திருந்தார். நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன, பெரும்பாலும் எனக்குத் தெரியாத முகங்கள். அவர் நன்றாகவே பேசினார். கட்டடத்தின் முகப்பில் ஒரு கல்லைக்கூடத் தொட மாட்டோம் என்றார். கூரையைத் தங்கள் செலவில் சரிசெய்வோம் என்றார். பிறகு தலைவி அந்தக் கேள்வியைக் கேட்டார். தினமும் பல வேளை, பலர் தண்ணீர் புழங்கப் போகிறார்கள், அந்த மொசைக் தரைக்கு ஆபத்து வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

பாய் சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார். ஆலோசகரே சொல்வார் என்றார்.

தலைவி என்னைப் பார்த்தார். "உறுதி சொல்ல முடியாது" என்றேன்.

எந்த ஆர்க்கிடெக்டும் எந்தக் கட்டடத்துக்கும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் அதைப் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது என்று தொடக்கத்தில் எழுதினேன். பாய் சிரிப்பு மாறாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் என்று தொடங்கி நான் இன்னொரு வாக்கியம் சொல்வேன் என்று அவர் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. என் முன்னால் இருந்த தாளைப் புரட்டினேன். தலைவி மனுவை ஒத்திவைப்பதாக அறிவித்தார். பின்வரிசையில் சிலர் கை தட்டினார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் அவர் எனக்காக நின்றுகொண்டிருந்தார். கோபம் இல்லை. குழம்பிப்போனவர் மாதிரி இருந்தார்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்திருப்பேனே சார்" என்றார்.

விதிமுறை அப்படி, என் கையில் ஒன்றும் இல்லை, அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று ஏதோ சொன்னேன். அடுத்த கூட்டத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று. கட்டடத்தின் சொந்தக்காரர் காத்திருக்கவில்லை. ஒரு உணவகக்காரருக்கு விற்றுவிட்டார்.

உணவகத்தின் மனுவும் அதே குழுவின் முன் வந்தது, நானே ஆலோசகர். சமையலறை, பாத்திரம் கழுவும் இயந்திரங்கள், எண்ணெய் வடிகட்டும் தொட்டி, எல்லாம் லாக்கர் அறைக்கு வெளியே. வடிகால் குழாய்க்காக மொசைக்கில் ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டியிருந்தது. உத்தரவாதம் பற்றி யாரும் கேட்கவில்லை. வெட்டியெடுக்கும் ஓடுகளைப் பெட்டியில் போட்டு பத்திரப்படுத்த வேண்டும் என்று நான் பரிந்துரைத்தேன். அதைக் குறிப்பில் சேர்த்துக்கொண்டார்கள். லாக்கர் அறையில் ஒயின் பாட்டில்களை அடுக்கினார்கள். கோர்ட் கட்டட வேலை எங்கள் அலுவலகத்துக்கே கிடைத்தது. அதைக் கொண்டாட சகாக்கள் அந்த உணவகத்துக்குத்தான் போனார்கள். நானும் போனேன்.

சில மாதங்கள் கழித்து இந்திய மளிகைக்கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, வயதான ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மேலப்பாளையத்துக்காரர், ஓய்வுபெற்ற மின்வாரிய இன்ஜினியர், மகனோடு இருக்கிறார், அதே ஜமாஅத். "நீங்க எங்களுக்காக எவ்வளவோ பேசிப் பாத்தீங்களாம், அவங்க கேக்கலையாம். பாய் சொன்னாரு. நீங்களாவது பேசினீங்களே" என்றார்.

"பரவாயில்லைங்க" என்றேன்.

அப்படித்தான் பாய் சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாரா, என்னை நம்பும்படி அவர்களிடம் சொன்ன தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொன்னாரா என்று தெரியாது. எப்படியானாலும் எனக்கு வசதியாக இருந்தது. என் ரத்த அழுத்த மாத்திரைகளைத் தொடர்ந்து அவர் கடையில்தான் வாங்கினேன். அவர் கடைக்கு வரும் வெள்ளைக்காரர்களிடம் பேசுகிற மாதிரி என்னிடமும் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். மாத்திரை பற்றிச் சந்தேகம் ஏதாவது உண்டா சார் என்று மரியாதையாகக் கேட்பார். இல்லை என்பேன். வீட்டுக்கு வருவதில்லை. பாய் ஏன் வரதில்லை என்று மனைவி சில தடவை கேட்டாள், பிறகு விட்டுவிட்டாள்.

2007 கடைசியில் என் மனைவி இறந்துபோனாள். காரியம் முடிகிறவரை வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது. சாதம், மிளகு ரசம், வெங்காயம் பூண்டு போடாத கூட்டு. சங்கத்துக்காரர்கள் ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஒருவர் சொன்னார், மருந்துக்கடை பாய் ஒரு மாமியிடம் சொல்லிச் சமைக்கவைத்துத் தானே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார் என்று. நான் அவரைப் பார்க்கவே இல்லை. உள்ளே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகுதான் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அடுத்த வருஷம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அதற்குள் ஜமாஅத் நெடுஞ்சாலையோரம் ஒரு பழைய மேஜை நாற்காலிக் கடையை வாங்கியிருந்தது. வயதான கட்டடம், ஆனால் எந்தப் பாரம்பரியப் பட்டியலிலும் இல்லை. அதைத் தொழுமிடமாக மாற்ற வரைபடம் தேவைப்பட்டது. இலவசமாக வரைந்து தருகிறேன், அதற்கு முன் சில நிமிஷம் பேச வேண்டும் என்று அவர்களுடைய செயலாளரிடம் சொல்லி அனுப்பினேன். பாயிடம் சொல்லவில்லை. ஒளிவு மறைவில்லாமல் எல்லோர் முன்னாலும் சொல்வதுதான் நியாயம் என்று நினைத்தேன். பாய் அவர்களிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். மளிகைக்கடையில் நானே என் காதால் கேட்டிருக்கிறேன். ஒப்புக்கொள்கிற அவசரத்தில் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, புதிதாக வாங்கிய அந்தக் கடைக்குள் கமிட்டிக்காரர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். லாக்கர் அறை யோசனை, இன்ஜினியர் வேண்டாம் என்றது, கூட்டத்தில் சொன்ன வாக்கியம், உணவகம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பாய் ஜமக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முடித்ததும் மேலப்பாளையத்துப் பெரியவர் என்னைக் கேட்கவில்லை. பாயைக் கேட்டார்.

"அன்னிக்கு எங்ககிட்ட என்ன சொன்னீங்க பாய்?"

"சார் நமக்காகப் பேசினார்னு சொன்னேன்."

"பேசினாரா?"

"இல்ல."

"தெரிஞ்சே சொன்னீங்களா?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

பின்னால் இருந்த ஒருவர் சத்தம் போடாமல் சொன்னார்: "இத்தனை வருஷம் ஹோட்டல் ரூம்ல, பீர் பாட்டிலை ஓரமா தள்ளி வெச்சுட்டுத் தொழுதிருக்கோம் பாய். கட்டடத்தை விக்கறதுக்கு முன்னாடியே மேல்முறையீடு பண்ணியிருக்கலாம். வக்கீலைப் பாத்திருக்கலாம். உள்ள இருக்கிற நம்ம ஆளே பேசியும் முடியலன்னுதானே சும்மா இருந்தோம்."

எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. என் வாக்கியம் அன்று மனுவை ஒத்திவைக்கத்தான் செய்தது. அவர்களை அதோடு நிற்கவைத்தது பாய் சொன்னதுதான். அதை இன்று அவர்கள் முன்னால் எடுத்து வைத்தவன் நான்.

என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். செருப்பு வைக்கும் அலமாரி பக்கத்தில் நின்றேன். முதலில் பாய்தான் வெளியே வந்தார். ஷூ போட்டுக்கொண்டு, லேஸ் கட்டி முடித்து நிமிர்ந்தார். பல வருஷத்துக்குப் பிறகு என்னிடம் தமிழில் பேசினார்.

"உங்களைப் பத்தி நான் வீட்டுலகூடச் சொன்னதில்ல சார்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவர் காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

பிறகு பெரியவர் வந்தார். பாய் தலைவர் பதவியை விட்டுவிட்டதாகச் சொன்னார். யாரும் விடச் சொல்லவில்லையாம், இருக்கச் சொல்லவும் இல்லையாம். அப்புறம், "படம் வரைஞ்சு தரேன்னீங்களே, அது இன்னும் உண்டா?" என்று கேட்டார்.

உண்டு என்றேன்.

"சரி. இந்தத் தடவை இன்ஜினியர் ஒருத்தரையும் வெச்சுக்கறோம்" என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் போய் வேலை செய்தேன். ஆண்கள் தொழுமிடம், பெண்களுக்குச் சமமான அகலத்தில் ஒரு பகுதி, பின்னால் ஒளு செய்யும் இடம். நல்ல வேலை என்றுதான் சொல்ல வேண்டும். ஷார்ஜாவில் வேலை பார்த்துவிட்டு வந்த இளம் இன்ஜினியர் என் ஒவ்வொரு அளவையும் மறுபடி சரிபார்த்தார். அளவு நாடாவின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். பாய் சனிக்கிழமைகளில் வருவதில்லை.

2009 வசந்தத்தில் திறப்பு விழா நடந்தது. கார் நிறுத்துமிடத்தில் பந்தல் போட்டு பிரியாணி பரிமாறினார்கள். எனக்கு மட்டும் தனியாகச் சாம்பார் சாதம். புதிய தலைவர் மைக்கைப் பிடித்து, இடம் வாங்க உழைத்தவர்கள், கம்பளம் கொடுத்தவர்கள், இன்ஜினியர் என்று ஒவ்வொருவராக நன்றி சொன்னார். என்னைப் பற்றியும் நல்லதாக இரண்டு வார்த்தை சொன்னார். ஹோட்டல் அறையில் ஜமாஅத்தைத் தொடங்கி அத்தனை வருஷம் நடத்தியவரின் பெயர் வரவில்லை. எழுந்து சொல்லலாம் என்று நினைத்தேன். போன தடவை எல்லோர் முன்னாலும் சொன்னதில் என்ன ஆயிற்று என்பதும் நினைவுக்கு வந்தது. இந்தத் தடவை சொல்வதுதான் சரியோ, சும்மா இருப்பதுதான் சரியோ, எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். பேச்சு முடிந்துவிட்டது.

சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். வாசலில் நெடுஞ்சாலை பக்கம் நெரிசல். பாய் அங்கே ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு கார்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. கண்ணாடியை இறக்கினேன். எனக்கு முன்னால் போனவர்களுக்குக் காட்டியது போலவே, இடது பக்கம் போகச் சொல்லி எனக்கும் கை காட்டினார். பின்னால் வண்டிகள் நின்றன. போய்விட்டேன்.